வால் நுனியில் ஆறு எழுத்து

ராஜபாளையம் நாயைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது அதன் நிறத்தைத்தான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாய். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் வேட்டை நாய்களோடு ராஜபாளையமும் இடம்பிடித்தது. அதை வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு.

ரோமத்தின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் தோலில் உண்டாவதில்லை. கருவின் முதுகை ஒட்டி, நரம்புத்தண்டு உருவாகும் இடத்தில் பிறந்து, அங்கிருந்து நெடுந்தூரம் நகர்ந்து தோலுக்கும் மயிர்க்கால்களுக்கும் உட்செவிக்கும் போய்ச் சேர்கின்றன. உட்செவியில் இந்தச் செல்கள் பொட்டாசியத்தின் சமநிலையைக் காக்க உதவுகின்றன. அவை போய்ச் சேராவிட்டால் ரோமம் வெளுக்கிறது. உட்செவியில் ஒலியை உணரும் செல்களும் நாளடைவில் மடிகின்றன. நாய்களில் வெண்மையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வந்தால் பொதுவாக அதற்கு இதுவே காரணம்.

உடம்பு வெளுக்க வேறொரு வழியும் உண்டு. அதில் நிறமிச் செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகின்றன. காது நன்றாகவே கேட்கும். ஆனால் செல்லுக்குள் ஒரு புரதம் தன் அறைக்குப் போகாமல் வேறெங்கோ போய்விடுகிறது. செல் இருக்கிறது, அந்தப் புரதமும் இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது வழியைப் பற்றியது. ஒரு செல் தன் புரதங்களை எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்து அனுப்புகிறது என்பதை இதைப்போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

மெலனினைச் செய்யும் நொதியின் பெயர் டைரோசினேஸ். மனிதரில் அது 529 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அமினோ அமிலங்களை எழுத்துகள் என்றே சொல்லிக்கொண்டு போகலாம். இருபது வகை எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கு அது. டைரோசினேஸின் பெரும்பகுதி, மெலனோசோம் என்ற சிறிய நிறமிப் பையின் உட்புறத்தில் இருந்து வேலை செய்கிறது. அதன் வால், ஏறக்குறைய முப்பது எழுத்து, பையின் சவ்வை ஊடுருவி வெளியே செல்நீரில் தொங்குகிறது. நிறமியைச் செய்யும் வேலையில் இந்த வாலுக்குப் பங்கே கிடையாது. வாலை வெட்டிவிட்டு நொதியைச் சோதனைக் குழாயில் போட்டாலும் அது மெலனினைச் செய்யும்.

அப்படியானால் வால் எதற்கு? பிளாட்டினம் என்று பெயரிட்ட ஒரு சுண்டெலி வகை இதற்குப் பதில் சொன்னது. அதன் டைரோசினேஸ் மரபணுவில் ஒரு பிழை. புரதம் முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்து, வால் இல்லாமல் போய்விடுகிறது. நொதிக்குக் குறையில்லை. ஆனால் எலி ஏறக்குறைய வெள்ளை. 1995-இல் வெளிவந்த ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது: வால் இழந்த டைரோசினேஸ் மெலனோசோமுக்குப் போகாமல் வழிதவறிப் போகிறது. பிறகு வாலை எழுத்தெழுத்தாக மாற்றிப் பார்த்தபோது விஷயம் இன்னும் சுருங்கியது. மனித டைரோசினேஸின் வாலில் குளூட்டமிக் அமிலம், லைசின், குளூட்டமின், புரோலின், லியூசின், லியூசின் என்று ஆறு எழுத்துகள் வரிசையாக வருகின்றன. அவற்றிலும் முதல் எழுத்தும் கடைசி இரண்டு லியூசின்களும்தான் முக்கியம். நடுவில் உள்ள மூன்றும் ஏறக்குறைய எதுவாகவும் இருக்கலாம். 529 எழுத்து நீளமுள்ள ஒரு புரதத்தின் போக்கை முடிவு செய்வதில் முதலிலும் கடைசியிலும் உள்ள அந்த மூன்று எழுத்துகளுக்கு இவ்வளவு பங்கு.

இத்தகைய குறுந்தொடர் ஒன்று முதன்முதலில் தென்பட்டது நிறமியில் இல்லை, கொழுப்பில். அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் இரத்தத்திலுள்ள எல்டிஎல் கொழுப்பைச் செல்கள் எப்படி உள்ளே எடுக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் சோதித்த நோயாளிகளில் ஒருவரின் செல்கள் புதிராக இருந்தன. எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் சரியாக இருந்தது, கொழுப்பைப் பிடிக்கவும் செய்தது. ஆனால் உள்ளே எடுத்துப் போகவில்லை. அவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு அந்தப் புதிர் அவிழ்ந்தது: ஏற்பியின் 807-ஆவது எழுத்தான டைரோசின் சிஸ்டீனாக மாறியிருந்தது. செல்லுக்குள் தொங்கும் வாலில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதனால் ஒரு மனிதரின் இரத்தம் பிறவி முதலே கொழுப்பால் நிறைந்திருந்தது.

எழுத்து இருந்தால் அதைப் படிக்க ஒன்று வேண்டும். 1995-இல் ஹிரோஷி ஓனோ, ஹுவான் போனிஃபசினோ குழுவினர் டைரோசினில் தொடங்கும் நான்கெழுத்துத் தொடர்களைப் பிடிக்கும் புரதங்களை ஈஸ்ட் செல்களில் வலைவீசித் தேடினார்கள். சிக்கியது ஏபி எனப்படும் புரதக் கூட்டுகளின் 'மியு' என்ற துண்டு. ஒரு ஏபி கூட்டில் நான்கு துண்டுகள் உண்டு. நம் செல்களில் இத்தகைய கூட்டுகள் ஐந்து வகை. ஏபி-2 செல்லின் புறச்சவ்வில் வேலை செய்கிறது. ஏபி-1, ஏபி-3 உள்ளே இருக்கும் பைகளில். கூட்டின் ஒரு பகுதி, சவ்வைத் தாண்டித் தொங்கும் வால்களைப் படிக்கிறது. இன்னொரு பகுதி, சவ்வைக் குமிழாக வளைக்க உதவும் புரதங்களைச் சேர்க்கிறது. ஏபி-2 சேர்ப்பது கிளாத்ரின் என்ற புரதத்தை. அதை 1976-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் கேம்பிரிட்ஜின் பார்பரா பியர்ஸ்.

படிப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் காட்டியது 1998-ஆம் ஆண்டு. அதே கேம்பிரிட்ஜில் டேவிட் ஓவனும் பிலிப் எவன்ஸும் மியு துண்டில் தனியே மடிந்து தனி வேலை பார்க்கும் பகுதியை, அதாவது ஒரு டொமைனை, குறுந்தொடரோடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரால் அதன் வடிவத்தைக் கண்டார்கள். டொமைனின் மேல் இரண்டு குழிகள். ஒன்றில் டைரோசினின் வளையம் உட்கார்ந்திருந்தது. மூன்று எழுத்து தள்ளி வரும் எண்ணெய்ப்பசை கொண்ட எழுத்து, பெரும்பாலும் லியூசின், அடுத்த குழியில். இடையிலுள்ள இரண்டு எழுத்துகளின் பக்கக்கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை டொமைன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டைரோசினேஸின் வாலில் இருக்கும் இரட்டை லியூசின் தொடரை ஏபி கூட்டின் வேறொரு துண்டு படிக்கிறது. அதன் வடிவத்தையும் ஓவன் குழுவினர் ஏபி-2 கூட்டில் 2008-இல் கண்டார்கள். அங்கே எண்ணெய்ப்பசைக் குழிகளில் இரண்டு லியூசின்கள், சற்று மேலே நேர்மின் திட்டு ஒன்றில் அமிலத்தன்மை கொண்ட எழுத்து.

இங்கே சென்னையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. வால் தனியாக இருக்கும்போது அதற்கு நிலையான வடிவம் கிடையாது. நீரில் விட்ட நூல்போல் நெளிந்துகொண்டே இருக்கும். டொமைனில் அமரும்போது அது நீட்டி நிமிர்ந்த வடிவத்தை எடுக்கிறது. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும். ஏபி கூட்டில் அமர்ந்த டைரோசின் தொடரின் கோணங்களை அந்தப் படத்தில் குறித்தால், மேலே இடது மூலையில் நீட்டி நிமிர்ந்த சங்கிலிகளுக்கென்று இருக்கும் பகுதியில் போய் விழும். புதிதாக ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடிக்கும் எவரும் இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் அதைச் சரிபார்க்கிறார்கள்.

இனிதான் சிக்கல். டைரோசின், ஏதோ இரண்டு, பிறகு எண்ணெய்ப்பசை எழுத்து ஒன்று. இந்தத் தொடர் தற்செயலாக எத்தனை முறை வரும்? இருபது எழுத்துகளும் சம அளவில் வருவதாக வைத்துக்கொண்டால் டைரோசின் வர வாய்ப்பு இருபதில் ஒன்று. கடைசி எழுத்துக்கு ஐந்து தேர்வுகள் இருப்பதால் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெருக்கினால் எண்பதில் ஒன்று. ஐந்நூறு எழுத்துப் புரதம் ஒவ்வொன்றிலும் இது சராசரியாக ஆறு இடத்தில் வந்துவிடும். செல்லில் உள்ள புரதங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தத் தொடரைச் சுமந்துகொண்டு திரியும். அப்படியிருக்க இது எப்படி ஓர் அடையாளமாகும்?

இன்னொரு சிக்கல், பிடி மிகத் தளர்வானது. ஓர் எதிர்ப்பொருள் தன் கிருமியைப் பிடிப்பதோடு ஒப்பிட்டால், ஏபி டொமைன் இந்தக் குறுந்தொடரைப் பிடிக்கும் வலு பெரும்பாலும் ஆயிரம் மடங்கு குறைவு. பிடித்த கணத்திலேயே நழுவிவிடும். பாடநூல்களில் பூட்டும் சாவியும் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ இந்த ஏற்பாட்டின் அழகே இந்தத் தளர்விலும் குறுக்கத்திலும்தான் இருப்பதாகப் படுகிறது.

முதல் சிக்கலை எடுத்துக்கொள்வோம். தற்செயலாக வந்த தொடர்களில் பெரும்பாலானவை மடிந்த புரதத்தின் வயிற்றுக்குள் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தொட எதனாலும் முடியாது. சவ்வில் ஊன்றிய புரதத்தில், செல்நீர்ப் பக்கம் தொங்கும் மடியாத வாலில், சவ்விலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் படிக்க முடியும். அதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில், டீக்கடை வாசலில் நிற்கும் கண்டக்டரிடம் தென்காசிக்கு டிக்கெட் கேட்டால் கொடுக்க மாட்டார். அவர் வண்டியில் ஏறிப் படியில் நின்ற பிறகுதான் பையைத் திறப்பார். ஏபி-2 கூட்டும் அப்படித்தான். செல்நீரில் மிதக்கும்போது அதன் இரண்டு குழிகளையும் அதன் இன்னொரு துண்டே மூடிக்கொண்டிருக்கிறது. 2002-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் கண்டது இந்த மூடிய வடிவத்தை. திறந்த வடிவம் 2010-இல் கிடைத்தது. செல்லின் புறச்சவ்வில் மட்டும் நிறைந்திருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, பாஸ்பேட் சுமந்த இனோசிட்டால் கொழுப்பு, கூட்டைத் தொட்டு இழுக்கும்போதுதான் அது விரிகிறது. அப்போதுதான் குழிகள் வெளியே தெரிகின்றன. ஆக, அதே எழுத்தை வேறொரு சவ்வில் ஏபி-2 கண்டால் அதற்கு அது எழுத்தே இல்லை.

தளர்ந்த பிடிக்கு வருவோம். ஒரு கூட்டு, சவ்வின் கொழுப்பை இரண்டு மூன்று இடங்களில் லேசாகப் பற்றுகிறது. ஒரு வாலை லேசாகப் பற்றுகிறது. பக்கத்தில் இன்னொரு கூட்டு அதையே செய்கிறது. கிளாத்ரின் அவற்றைச் சேர்த்துப் பின்னுகிறது. ஒவ்வொன்றும் தனியே நழுவக்கூடியது. எல்லாம் சேர்ந்தால் பிரிக்க முடியாது. குமிழ் பிரிந்து போனபின் எல்லாம் கழன்றுவிட வேண்டும், அடுத்த குமிழுக்கு அதே புரதங்கள் வேண்டும். பிடி இறுக்கமாக இருந்தால் அது நடக்காது. உடைந்து சேரும் இந்த வேகம்தான் ஒரு செல்லை நிமிடத்துக்கு நிமிடம் தன் மேற்பரப்பை மாற்றிக்கொள்ள விடுகிறது.

எழுத்து கெட்டால் எலி வெளுக்கும் என்று பார்த்தோம். படிக்கும் கூட்டு கெட்டால்? இதற்குப் பதில் நாயிலேயே கிடைக்கிறது, ராஜபாளையத்தில் இல்லை, ஸ்காட்லாந்து மேய்ப்பு நாயான கோலியில். கோலி ஈற்றுகளில் சில வேளை வெள்ளிச் சாம்பல் நிறக் குட்டிகள் பிறக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் காய்ச்சலும் தொற்றும். பெரும்பாலான குட்டிகள் இளமையிலேயே இறந்துவிடும். 2003-இல் வெளியான ஆய்வில் காரணம் தெரிந்தது: ஏபி-3 கூட்டின் ஒரு துண்டுக்கான மரபணுவில், வரிசையாக அடினின்கள் வரும் இடத்தில், ஓர் அடினின் கூடுதலாக நுழைந்திருந்தது. அதற்குப் பிறகு வரும் எல்லாமே பிசகிவிட்டது.

மனிதரிலும் இதே மரபணு கெடும்போது வரும் நோய் ஹெர்மன்ஸ்கி-புட்லாக் நோயின் இரண்டாம் வகை. அந்த நோயை 1959-இல் முதலில் எழுதிய இருவரும் பிராகா நகர மருத்துவர்கள். இரண்டாம் வகைக்குக் காரணம் ஏபி-3 என்று 1999-இல் போனிஃபசினோ குழுவினர் கண்டார்கள். தோலும் முடியும் வெளிறும். சிறு காயத்திலும் இரத்தம் எளிதில் நிற்காது. வெள்ளையணுக்கள் குறையும். நிறமும் இரத்தப்போக்கும் தொற்றும் ஒரு நோயில் ஏன் சேர்ந்து வருகின்றன என்று மருத்துவர்கள் நெடுநாள் திகைத்திருக்கிறார்கள். மெலனோசோம், இரத்தத் தட்டுகளின் நுண்துகள், வெள்ளையணுவின் கொல்லும் பை மூன்றும் ஒரே வகைப் பட்டறையில் பிரிந்து வருபவை. அங்கே சரக்கைப் பிரிக்கும் வேலையில் ஏபி-3 இருக்கிறது. அது கெட்டால் மூன்றும் கெடும். பழ ஈயின் கண் நிறத்தில்கூட இது தெரிகிறது: ஆய்வாளர்கள் பல தலைமுறையாக வளர்த்துவந்த 'கார்னெட்' என்ற நிறம் மாறிய கண் கொண்ட ஈயில் கெட்டிருந்தது ஏபி-3 கூட்டின் ஒரு துண்டு என்று 1997-இல் தெரியவந்தது.

இந்தப் பட்டறையைப் பற்றி இந்தியாவில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுப்பா ராவ் கங்கி செட்டி. அதற்கு முன் பென்சில்வேனியாவில் மைக்கேல் மார்க்ஸோடு இருந்தபோது, டைரோசினேஸுக்கு வேண்டிய செம்பு மெலனோசோமுக்குள் தனி வழியில் வருகிறது என்று 2008-இல் காட்டினார். நொதி சரியான பைக்குப் போனாலும் செம்பு அங்கே வராவிட்டால் அது செயலற்றுக் கிடக்கும். நிறம் என்ற ஒன்றுக்காக இரண்டு சரக்குகள் தனித்தனியே ஒரே பைக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் சவ்வில் ஊன்றி வால் தொங்கவிடும் புரதங்கள். வாலே இல்லாத புரதம் என்ன செய்யும்? ராஜபாளையத்திலிருந்து மதுரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டிச் சுண்டவைப்பது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 26 கிராம் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. அத்தனையும் மாட்டின் மடியிலுள்ள செல்களுக்குள் செய்யப்பட்டு வெளியே அனுப்பப்பட்டது. கேசீனுக்கு வால் இல்லை, அது எந்தச் சவ்விலும் ஊன்றுவதும் இல்லை. ஆனாலும் அது வழி தவறுவதில்லை.

அதன் முதல் அடையாளம் வாலில் இல்லை, தலையில். பசுவின் ஆல்ஃபா-எஸ்1 கேசீன் பாலில் வரும்போது 199 எழுத்து நீளம். செய்யப்படும்போது 214. முன்னால் இருக்கும் பதினைந்து எழுத்துகள் பாலை எட்டுவதில்லை. மெத்தியோனின், லைசின் என்று தொடங்கி, லியூசினும் ஐசோலியூசினும் வாலினும் அலனினுமாக எண்ணெய்ப்பசை எழுத்துகள் அடர்ந்து வந்து, அலனின்-லியூசின்-அலனின் என்று முடியும் தொடர் அது. இப்படி ஒரு தலைத்தொடர் இருக்க வேண்டும் என்று 1971-இல் ஊகித்து, 1975-இல் சோதனையில் நிறுவிய குந்தர் பிளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதம் இன்னும் முழுதாகக் கோக்கப்படும் முன்பே, தலை வெளியே எட்டிப் பார்த்ததும், எஸ்ஆர்பி என்ற கூட்டு அதைப் பிடித்து, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலின் வாசலுக்கு இழுத்துப் போகிறது.

இங்கே படிக்கப்படுவது எந்த எழுத்து என்று கேட்டால் பதில் வித்தியாசமானது. பீட்டா கேசீனின் தலைத்தொடரும் இன்சுலினின் தலைத்தொடரும் எழுத்தளவில் ஒத்துப்போவதில்லை. எண்ணெய்ப்பசை மட்டும்தான் பொது. அதைப் பிடிக்கும் எஸ்ஆர்பி டொமைனில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் ஓரமெல்லாம் மெத்தியோனின். மெத்தியோனினின் பக்கக்கிளை நீண்டு வளைந்து கொடுக்கக்கூடியது. அதனால் பெரியது, சிறியது, நேரானது, கோணலானது என்று எந்த எண்ணெய்ப்பசைத் தொடரையும் அந்தப் பள்ளம் ஏற்றுக்கொள்ளும். ஏபி கூட்டுக்கு எழுத்து முக்கியம், எஸ்ஆர்பிக்குத் தன்மை முக்கியம். உள்ளே போனதும் ஒரு நொதி தலைத்தொடரை வெட்டிவிடுகிறது. அது பார்ப்பது கடைசி எழுத்தையும் அதற்கு இரண்டு முன்னால் உள்ளதையும். அலனின் போன்ற சிறிய எழுத்துகளாக இருந்தால் வெட்டு விழும்.

வலைக்குள்ளே புதிய புரதங்களை மடிக்க உதவும் உதவியாளர்கள் ஏராளம். கேசீன் அடுத்த கட்டமான கோல்கை என்ற பை அடுக்குக்குப் புறப்படும்போது அவர்களில் சிலர் கூடவே அடித்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்கான எழுத்தை 1987-இல் ஷான் மன்ரோவும் ஹியூ பெல்ஹாமும் கண்டார்கள்: புரதத்தின் கடைசியில் லைசின், ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லியூசின். நான்கே எழுத்து. இதைப் படிக்கும் ஏற்பி செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கோல்கையின் உட்புறம் சற்று அமிலமானது. அங்கே ஏற்பி இந்த நான்கெழுத்தை இறுகப் பிடிக்கும். வலையின் உட்புறம் நடுநிலையானது, அங்கே விட்டுவிடும். எழுத்தும் மாறவில்லை, ஏற்பியும் மாறவில்லை, சுற்றியுள்ள நீரின் அமிலம் மட்டும் மாறுகிறது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்ட வடிவம் இன்னொன்றையும் காட்டியது. ஏற்பி உள்ளே நான்கெழுத்தைப் பிடித்ததும் அதன் வடிவம் திருகி, மறுபுறம் செல்நீரில் லைசின் தொடர் ஒன்று வெளியே தெரிகிறது. திரும்பிப் போகும் குமிழ்களின் மேலுறை அதைப் படிக்கிறது. ஓர் எழுத்தைப் படித்ததால் இன்னோர் எழுத்து தோன்றுகிறது.

கேசீன்கள் வலையிலிருந்து வெளியேற ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன. சில ஆடுகளில் ஆல்ஃபா-எஸ்1 கேசீன் மரபணு வேலை செய்வதில்லை. பிரான்சில் அத்தகைய ஆடுகளின் மடிச் செல்களை ஆராய்ந்து 1999-இல் எழுதினார்கள்: பீட்டா கேசீனும் காப்பா கேசீனும் கோல்கைக்குப் போகாமல் வலையிலேயே தேங்கி, வலை உப்பிக் கிடந்தது. ஆல்ஃபா-எஸ்1 இல்லாமல் மற்றவை நகரத் தடுமாறின.

கோல்கையில்தான் கேசீன் பாலின் புரதமாகிறது. அங்கே ஒரு நொதி அதன் செரின் எழுத்துகளில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. எல்லாச் செரினிலும் ஒட்டாது. செரின், ஏதோ ஒன்று, குளூட்டமிக் அமிலம் என்று மூன்றெழுத்து வந்தால் மட்டும். ஆல்ஃபா-எஸ்1 கேசீனில் 64-ஆம் இடத்திலிருந்து பாருங்கள்: செரின், ஐசோலியூசின், செரின், செரின், செரின், குளூட்டமிக் அமிலம், குளூட்டமிக் அமிலம். 67, 68-ஆம் செரின்களுக்கு இரண்டு இடம் தள்ளிக் குளூட்டமிக் அமிலம் இருக்கிறது, அவற்றில் பாஸ்பேட் ஒட்டும். 66-க்கு இரண்டு இடம் தள்ளி இருப்பது 68-ஆம் செரின். முதலில் அது தகுதியில்லாதது. ஆனால் அதில் பாஸ்பேட் ஏறிவிட்டால் அது குளூட்டமிக் அமிலத்தைப்போலவே எதிர்மின் கொண்டதாகிவிடுகிறது. நொதி அதையும் ஏற்றுக்கொண்டு 66-இல் ஒட்டுகிறது. அதன்பின் 66-ஐக் காட்டி 64-இல். பின்னாலிருந்து முன்னால், ஒன்றை எழுதியதால் அடுத்ததைப் படிக்க முடிகிற வரிசை இது. இதைக் காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் அதன் ஒழுங்கு கையில் கிடைக்கும்.

இப்படிக் கொத்தாக வரும் பாஸ்பேட்டுகள்தான் கால்சியத்தைப் பிடிக்கின்றன. கால்சியம் பாஸ்பேட்டின் நுண்கட்டிகளைச் சுற்றிக் கேசீன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகளாகின்றன. ஒளியைச் சிதறடித்துப் பாலை வெளுப்பாகக் காட்டுவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கேசீனுக்கு இறுக மடிந்த வடிவம் இல்லாததால், முட்டை வெள்ளையைப்போல் சூட்டில் குலைந்து உறைய அதில் ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் கொதித்தாலும் உருண்டைகள் தாங்கும். அதனால்தான் பாலைக் கோவாவாகச் சுண்டவைக்க முடிகிறது. அமிலம் ஏறினால் கதை வேறு. கால்சியம் பாஸ்பேட் கரையும், உருண்டையின் மின்சுமை குறையும், சூடு பட்டதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியும். லேசாகப் புளித்த பாலை அடுப்பில் ஏற்றினால் திரிந்துபோவது இதனால்தான்.

கேசீனில் பாஸ்பரஸ் இருப்பதை 1883-இல் சுவீடனின் ஒலோஃப் ஹம்மார்ஸ்டன் கண்டார். பாஸ்பேட் ஒட்டும் நொதிகளைப் பற்றிய முதல் சோதனை 1954-இல் நடந்தபோது அதற்குப் பயன்பட்டதும் கேசீன்தான். அதன்பின் 'கேசீன் கைனேஸ்' என்ற பெயரிலேயே இரண்டு நொதிக் குடும்பங்கள் பாடநூல்களில் ஏறின. ஆனால் அவை செல்நீரில் வேலை செய்பவை. பாலிலுள்ள கேசீனோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. கோல்கைக்குள் இருந்து உண்மையிலேயே கேசீனில் எழுதும் நொதி எது என்பது 2012-இல்தான் தெரிந்தது. சான் டியாகோவில் ஜாக் டிக்ஸனின் ஆய்வகத்தில் வின்சென்ட் டாக்லியாபிராச்சி கண்ட அதன் பெயர் ஃபேம்20சி. ஹம்மார்ஸ்டனுக்கும் இதற்கும் இடையில் 129 ஆண்டுகள்.

கண்டபோது அது பாலோடு நிற்கவில்லை. ஃபேம்20சி மரபணுவில் பிழையுள்ள குழந்தைகள் ஏற்கெனவே மருத்துவர்களுக்குத் தெரிந்தவர்கள். ரெய்ன் நோய் என்று அதற்குப் பெயர்; எலும்புகள் அளவுமீறி அடர்ந்து பிறக்கும் அந்தக் குழந்தைகளில் பலர் பிறந்த சில நாளில் இறந்துவிடுகிறார்கள். பாலுக்கான நொதி எலும்பில் என்ன செய்கிறது? இதற்கான விடை, நொதியைக் காணும் முன்பே, 2003-இல் வந்திருந்தது. கசுஹிகோ கவாசாகியும் கென்னத் வைஸும் மரபணுக்களை ஒப்பிட்டு, கேசீன் மரபணுக்களும் பல் எனாமல், பல்திசு, எலும்பு ஆகியவற்றின் புரத மரபணுக்களும் ஒரே மூதாதை வழி வந்தவை என்று காட்டினார்கள். மனிதரில் அவற்றில் பெரும்பாலானவை நான்காம் குரோமோசோமில் அண்டையண்டையாக இருக்கின்றன. முதுகெலும்பிகள் கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு எலும்பும் பல்லும் கட்டக் கற்றது பால் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பு. செரின், ஏதோ ஒன்று, குளூட்டமிக் அமிலம் என்ற மூன்றெழுத்து அந்தப் புரதங்களிலேயே இருந்தது. கேசீன் அதைத் தன் முன்னோரிடமிருந்து பெற்றுக்கொண்டது. பசு பால் சுரக்கும்போது அதன் மடிச் செல்லின் கோல்கையில் படிக்கப்படும் மூன்றெழுத்தை, கன்றின் பல் முளைகளில் எனாமல் புரதத்தின் மேல் படிப்பதும் அதே ஃபேம்20சிதான்.